பதினெட்டரை அடி

புத்தாண்டு அன்று காலையில் கில்மோரியில் ஊனா மெக்ஃபெயிலுக்கு மட்டும் யாரும் ஒழுங்காக வாழ்த்துச் சொல்லவில்லை. மைதானத்து வாசலில் டிக்கெட் கிழித்தவர் முதல் தேநீர்க் கூடாரத்தில் ஸ்கோன் ரொட்டி அடுக்கிக்கொண்டிருந்த பெண்கள் வரைக்கும் அவளைக் கண்டதும் கேட்டது ஒரே கேள்விதான். ரம்பத்தைச் சாணை பிடித்தாகிவிட்டதா? ஊனாவும் பல்லைக் கடித்துக்கொண்டு எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டு வந்தாள். பிடித்தாயிற்று, ஆனால் இந்த வருஷம் அதற்கு வேலை இருக்காது.

கேட்டவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. மூன்று வருஷத்துக்கு முன்னால், புயலில் சாய்ந்த லார்ச் மரம் ஒன்றைக் குன்றின் மேல் கண்டுபிடித்து, பட்டை உரித்து, இழைத்து, இதுதான் இனிமேல் நம்ம ஊர்க் கம்பம் என்று மைதானத்தில் கொண்டுவந்து போட்டவள் அவள்தான். அன்றைக்கு அதன் நீளம் இருபதரை அடி. இவ்வளவு பெரிதை எவன் தூக்குவான் என்று விழாக் கமிட்டியில் ஒருவர் விடாமல் கேட்டார்கள். கில்மோரி ஆம்பிளைகள் தின்கிற ஆட்டுக்கறிக்கு இதைக்கூடத் தூக்காவிட்டால் எப்படி என்று ஊனா திருப்பிக் கேட்டாள். அவள் ஆட்டுப் பண்ணைகளுக்கு வேலி போடுகிறவள். ஒரு நாளைக்கு நாற்பது வேலிக்கால் நடுகிற கை அவளுடையது. அவளோடு மரத்தைப் பற்றி வாக்குவாதம் பண்ண யாருக்கும் துணிச்சல் வரவில்லை. ஊர்க் கம்பம் எதுவானாலும் அதன் காவல் பொறுப்பும் ஏழு வருஷமாக அவளிடம்தான் இருந்தது.

ஸ்காட்லாந்திலிருந்து கப்பலேறி நியூசிலாந்தின் இந்தத் தென்கோடிக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்குப் பேரப்பிள்ளைகள்தான் கில்மோரிக்காரர்கள். பழைய மொழியில் இன்றைக்கு அவர்களிடம் மிச்சம் இருப்பது நாலு கெட்ட வார்த்தைதான். ஆனால் கம்பம் புரட்டுகிற விஷயத்தில் ஒரு முறையைக்கூட விட்டுக்கொடுக்க மாட்டார்கள். நிறுத்திவைத்த கம்பத்தை அடியில் கைகொடுத்துத் தூக்கி, நாலைந்து எட்டு ஓடி, வீச வேண்டும். தடித்த மேல்நுனி தரையில் குத்தி, கையில் இருந்த நுனி வானத்துக்கு எழும்பி, அந்தப் பக்கமாகப் போய் விழ வேண்டும். எவ்வளவு தூரம் போயிற்று என்று யாரும் பார்ப்பதில்லை. புரண்டதா, நேராக விழுந்ததா, அவ்வளவுதான். ஆளுக்கு மூன்று வாய்ப்பு. ஒருவராலும் முடியாவிட்டால் அன்றைக்கே, அங்கேயே, எல்லோர் கண்ணெதிரிலும் ஓரடியை அறுத்துவிடுவார்கள். ஒரே ஒரு தடவை புரண்டுவிட்டாலோ, அதற்கப்புறம் ரம்பம் அதன் பக்கத்திலேயே வரக்கூடாது. புரட்டியவருக்கு வெற்றிக் கோப்பை கிடைக்கும், கம்பத்துக்கு ஒரு பெயரும் அவரே வைப்பார். காய்ச்சிய இரும்பால் அதை மரத்தில் சுட்டுவிட்டால் பிறகு மாற்றம் என்பதே கிடையாது.

ஊனாவின் கம்பம் இரண்டு வருஷமும் புரளவில்லை. இரண்டு வருஷமும் நீல வெல்வெட்டுத் துணி விரித்த தட்டில் ரம்பத்தை ஏந்திக்கொண்டு, முன்னால் ஊர்க் குழல்காரர் நீனியன் பேக்பைப் என்கிற பைக்குழலில் இழவு வீட்டுப் பாட்டை வாசிக்க, தன் மரத்தை அறுக்கத் தானே நடந்து போனாள் ஊனா. காவல்காரி கையால்தான் அறுக்க வேண்டும் என்பதும் முறை. முதல் துண்டு தேநீர்க் கூடாரத்தில் கேக் வைக்கும் பலகை ஆயிற்று. இரண்டாவது துண்டை ஆற்றுக்கு அந்தப் பக்கம் டன்பெக் ஊரில் இருக்கிற டார்குயில் என்பவன் தூக்கிக்கொண்டு போய்த் தன் நாய்க்கூண்டுக்குப் படியாகப் போட்டுவிட்டான். கம்பத்துக்கு "ஊனாவின் பிடிவாதம்" என்று பட்டப்பெயர் வைத்ததும் அந்தப் பாவிதான். இரண்டு ஊர் மதுக்கடைகளிலும் அந்தப் பெயரைச் சொன்னால் கதவு அதிரச் சிரிப்பார்கள்.

இப்போது நீளம் பதினெட்டரை அடி. இன்றைக்கும் ஓரடி போனால் பதினெட்டுக்குக் கீழே இறங்கிவிடும். பதினெட்டுக்குக் குறைந்தது ஊர்க் கம்பமாக இருக்கக் கூடாது. அப்படி ஆனால் நீளவாக்கில் பிளந்து கூடாரத்துக்கு இரண்டு பெஞ்சு போட்டுக்கொள்ளலாம் என்று கமிட்டி ஏற்கெனவே தீர்மானம் எழுதி வைத்திருந்தது. தன் மரத்தின் மேல் ஊர்க்காரர்கள் உட்கார்ந்து கேக் தின்பதை ஊனாவால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அவளுக்கு இன்னொரு பயமும் இருந்தது. அதை அவள் புருஷன் ஆலஸ்டரிடம்கூடச் சொல்லவில்லை.

அந்தத் தென்கோடியில் டிசம்பர்தான் கோடை, இந்த வருஷம் அக்டோபரிலிருந்தே ஒரு சொட்டு மழை இல்லை. டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை கமிட்டி வந்து கம்பத்தை எடை போட்டு எழுதிக்கொண்டு போனது. எடை போட்ட பிறகு அதற்கு யாரும் எதுவும் செய்யக்கூடாது. மீறினால் காவல் பொறுப்பு போய்விடும், வாழ்நாளுக்கும் திரும்பி வராது. பதினோராவது விதி அது. ஆனால் அடுத்த வாரமே மரத்தில் ஒரு வெடிப்பைப் பார்த்துவிட்டாள் ஊனா. நகம் நுழைகிற அளவுதான். இருந்தாலும் வெடித்த கம்பம் தரையில் குத்தும்போது பிளந்துவிட்டால் கதை முடிந்தது. ஆலஸ்டர் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து, டிராக்டரில் கட்டி இழுத்துப் போய்ப் பண்ணைக் குளத்தில் இறக்கினாள். மிதந்து போகாமல் இரண்டு முனையையும் சங்கிலியால் கட்டிப் பத்து நாள் ஊறப்போட்டாள். வெடிப்பு மூடிக்கொண்டது. எடுத்துத் துணியால் துடைத்துக் கொட்டகையில் படுக்கவைத்தாள். பத்து நாளில் ஒரு மரம் எவ்வளவு தண்ணீர் குடித்துவிடும் என்று தன்னையே சமாதானம் பண்ணிக்கொண்டாள்.

பதினோரு மணிக்கெல்லாம் மைதானம் நிரம்பி வழிந்தது. இந்த வருஷம் முதல் முறையாக நடுவராக ஸ்காட்லாந்திலிருந்தே ஒருவரை வரவழைத்திருந்தார்கள். எல்ஸ்பெத் ட்ரம்மண்ட் என்ற அந்த அம்மாள் குள்ளமாக, பெரிய தொப்பியோடு, கக்கத்தில் விதிப்புத்தகத்தோடு வந்து இறங்கியதும் ஊரே கால் தரையில் பாவாமல் நடந்தது. வேலியெல்லாம் புது வெள்ளை அடித்திருந்தார்கள். நாற்பது வருஷமாகப் பெட்டியில் கிடந்த கில்ட் என்கிற கட்டம் போட்ட ஆம்பிளைப் பாவாடையையெல்லாம் எடுத்து உடுத்தியிருந்தார்கள். சிலருக்கு இடுப்புக் கொக்கி எட்டவில்லை, கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். எங்க நாட்டுல இத்தனை கில்ட்டை ஒரே இடத்தில் நான் பார்த்ததே இல்லை என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டார். அவ்வளவுதான், அந்த ஒரு வாக்கியத்தைக் கூடாரத்துக்குக் கூடாரம் கொண்டுபோய்ச் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்கள்.

கம்பத்துக்கு ஐந்து பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். சீட்டுக் குலுக்கியதில் நாலாவதாக ஆலஸ்டரும் கடைசியாக டார்குயிலும் வந்தார்கள். ஆலஸ்டர் ஆறரை அடி உயரம், பேச்சு மட்டும் அதில் கால்வாசிகூட இருக்காது. மனைவியின் மரத்தைப் புரட்ட வேண்டும் என்பதற்காகவே ஆறு மாதமாகத் தினமும் விடியற்காலையில் எழுந்து பழைய தந்திக்கம்பம் ஒன்றைத் தூக்கிப் பழகியிருந்தான். டார்குயில் குட்டை, அகலம், வாய் நிற்கவே நிற்காது. ஆட்டு மயிர் கத்தரிக்கிற தொழிலில் அந்தப் பக்கத்தில் அவனை அடிக்க ஆள் இல்லை.

"இதோ பாருங்க மக்களே, நம்ம கம்பம் வருது. பெஞ்சு ஆகறதுக்கு முன்னாடி கடைசியா ஒரு தடவை நல்லாப் பாத்துக்கோங்க" என்று ஒலிபெருக்கியில் ஆரம்பித்தான் ஃபின்லே. ஊரில் அஞ்சல் கொடுப்பவன் அவன். மைக் கையில் கிடைத்தால் அவனுக்குத் தலைகால் புரியாது. கூட்டம் ஹோவென்று சிரித்தது. ஊனா அவனைப் பார்த்த பார்வையில் அவன் கொஞ்ச நேரத்துக்கு இருமிக்கொண்டான்.

முதல் சுற்றில் முதல் ஆளால் கம்பத்தைத் தூக்கவே முடியவில்லை. இரண்டாவது ஆள் தூக்கிவிட்டு, அது போகிற பக்கமெல்லாம் கூடவே போய்ப் பத்திரிகைக்காரர்களைச் சிதற அடித்தார். மற்றவர்கள் வீசினார்கள். கம்பம் பாதி எழும்பி இடது பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. போன வருஷத்தைவிட எடை கூடின மாதிரி இருக்கிறது என்று ஆலஸ்டர் கையை உதறிக்கொண்டு சொன்னான். ஊனா குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்து மறுபடியும் கட்டினாள்.

இரண்டாவது சுற்றும் அதே கதை. ஒவ்வொரு தடவையும் இடது பக்கம். டார்குயில் வீசியபோது கம்பம் தலைகீழாக முக்கால்வாசி எழுந்துவிட்டது. கில்மோரிக்காரர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அதுவும் கடைசியில் இடப்பக்கம் சரிந்தது. டார்குயில் தொப்பியைக் கழற்றிக் கம்பத்துக்கு ஒரு வணக்கம் போட்டான். ஊனாவுக்குப் பிடிவாதம் அதிகம் என்று தெரியும், அவள் மரத்துக்கு அவளைவிட அதிகம் என்று எல்லோரும் கேட்கச் சொன்னான்.

ஊனாவின் காதில் அது விழவில்லை. அவள் தரையில் கிடந்த கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீசிய அத்தனை வீச்சும் எப்படி ஒரே பக்கம் விழும்? ஆட்கள் வேறு, ஓடுகிற விதம் வேறு. மைதானமும் சமதரைதான், காற்றும் எதிர்ப்பக்கத்திலிருந்துதான் அடித்தது.

மூன்றாவது சுற்றில் முதல் மூன்று பேரும் தோற்றுப்போனார்கள். விழுந்த கம்பத்தைத் தூக்கிவர உதவியாளர்களோடு ஊனாவும் போனாள். மத்தியான வெயிலில் மரம் முழுக்க வெளிறிக் கிடந்தது. ஒரு விலாவில் மட்டும், மேலிருந்து கீழ்வரைக்கும், ஒரு சாண் அகலத்துக்கு நிறம் கறுத்திருந்தது. உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சில்லென்று இருந்தது.

அவளுக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. குளத்தில் இரண்டு முனையையும் சங்கிலியால் கட்டினாளே, பத்து நாளும் மரம் ஒரு தடவைகூட உருளவில்லை. கீழே கிடந்த பக்கம் மட்டும் வயிறு முட்டக் குடித்திருக்கிறது. மேல் பக்கம் வெயிலில் காய்ந்திருக்கிறது. கில்மோரியில் எந்தக் கம்பத்தையும் நிறுத்தும்போது அடியில் வரைந்த முட்பூ அடையாளம் வீசுகிறவரின் நெஞ்சுக்கு நேராக இருக்கும்படிதான் நிறுத்துவார்கள். பூ நெஞ்சுக்கு நேரே நின்றால் கனத்த பக்கம் இடது கைப்பக்கம் வந்துவிடும். எவன் வீசினாலும் இடது பக்கம்தான் விழும். அதையே கால் வட்டம் திருப்பி, கனத்த பக்கத்தை முன்னால் கொண்டுவந்துவிட்டால், அந்தத் தண்ணீரே கம்பத்தை முன்னுக்கு இழுத்துப் புரட்டிவிடும்.

அடுத்து ஆலஸ்டர்.

அவன் கைக்குப் பிசின் தேய்த்துக்கொண்டு வந்தான். அவளைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினான். சொல்லடி, இப்போதே சொல் என்று ஊனாவின் மனசு அடித்துக்கொண்டது. சொல்ல வேண்டுமானால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். குளத்தைச் சொல்ல வேண்டும். பதினோராவது விதி. ஏழு வருஷம் பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொண்ட பொறுப்பு இவ்வளவு பேர் முன்னால், அதுவும் ஸ்காட்லாந்து நடுவர் முன்னால், பறிபோகும். ஒருவேளை சொல்லாமலேயே இவன் புரட்டிவிட்டால்? இவன் பலத்துக்கு முடியாதா என்ன? அவள் கம்பத்தை விட்டு நாலடி பின்னால் நகர்ந்து நின்றாள்.

ஆலஸ்டர் தூக்கினான். ஓடினான். அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் போட்டு வீசினான். கம்பத்தின் தலை தரையில் தொம்மென்று குத்தியது. மறுமுனை எழுந்தது, எழுந்தது, செங்குத்தாக வானத்தில் நின்றே விட்டது. இரண்டாயிரம் பேரும் எழுந்துவிட்டார்கள். தேநீர்க் கூடாரத்தில் யாரோ ஒரு தட்டு நிறையக் கோப்பைகளைக் கீழே போட்டார்கள். அப்புறம் கம்பம் ரொம்ப நிதானமாக, யாருக்கும் இரக்கமில்லாமல், இடது பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது.

ஆலஸ்டர் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டான். ஆறு மாதத்து விடியற்காலை அத்தனையும் அவன் முகத்தில் தெரிந்தது. ஊனாவால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. சீ, நானும் ஒரு மனுஷியா என்று இருந்தது.

இன்னும் ஒரே ஒரு வீச்சுதான் பாக்கி. அது டார்குயிலுடையது. இது முடிந்ததும் ரம்பம் என்று ஃபின்லே அறிவித்துவிட்டான். நீனியன் பைக்குள் காற்றை ஊதி நிரப்பத் தொடங்கினார். ஊனா போய்த் தட்டைத் தூக்கினாள். நீல வெல்வெட்டில் ரம்பம் பளபளத்தது. அவள்தான் நேற்று முழுக்க உட்கார்ந்து அதைச் சாணை பிடித்தவள். தட்டை ஏந்திக்கொண்டு நீனியனுக்குப் பின்னால் போய் நிற்க வேண்டியவள், அவரைத் தாண்டி, நேராக மைதானத்து நடுவில் நடுவரிடம் போய் நின்றாள்.

"அம்மா, இந்தக் கம்பத்துல ஒரு தப்பு இருக்கு. மரத்தோட தப்பு இல்ல, என்னோட தப்பு."

பக்கத்தில் நின்ற ஃபின்லேயின் மைக் திறந்தே இருந்தது. வாயைப் பிளந்துகொண்டு நின்ற அவனுக்கு அதை அணைக்கத் தோன்றவில்லை. குளம், சங்கிலி, பத்து நாள், கறுத்த விலா, முட்பூ அடையாளம் என்று ஊனா ஒன்றையும் மறைக்காமல் சொன்னது அத்தனையும் ஆற்றங்கரை வரைக்கும் கேட்டது. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் கத்த ஆரம்பித்தார்கள்.

ஆலஸ்டரைத் தவிர, தோற்ற மற்ற மூன்று பேரும் மறுபடியும் வாய்ப்புக் கேட்டார்கள். கமிட்டிக்காரர்கள் போட்டியையே நிறுத்தச் சொன்னார்கள். எல்ஸ்பெத் அம்மாள் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, விதிப்புத்தகத்தை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். அதுவரைக்கும் மற்றவர்கள் கத்தி ஓயட்டும் என்று விட்டுவிட்டார். கடைசியில் அவர் சொன்னது இதுதான். கனத்த கம்பம் எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் கனத்தது. வீசியது வீசியதுதான். மிச்சம் இருக்கும் ஒரு வீச்சு மிச்சம்தான். பூ அடையாளம் நெஞ்சுக்கு நேராக இருக்க வேண்டும் என்று எந்தப் பக்கத்திலும் எழுதியிருக்கவில்லை.

கில்மோரிக்காரர்களுக்கு இதுதான் குளத்துச் சமாசாரத்தைவிடப் பெரிய அதிர்ச்சி. இத்தனை தலைமுறையாக அது விதி என்றல்லவா நினைத்திருந்தார்கள்! பூவை யார் முதலில் நெஞ்சுக்கு நேராக வைத்தார்கள், ஏன் வைத்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. வரைந்திருப்பதால் அதைப் பார்த்து நின்றார்கள், அவ்வளவுதான்.

பதினோராவது விதி கமிட்டியின் சொந்த விஷயம் என்று நடுவர் ஒதுங்கிக்கொண்டார். கமிட்டி அங்கேயே நின்றபடி கையைத் தூக்கியது. ஏழு கை. ஊனாவின் காவல் அரை நிமிஷத்தில் போயிற்று. அவள் தட்டை யாரிடம் கொடுப்பது என்று தெரியாததால் கையிலேயே வைத்திருந்தாள்.

ஆலஸ்டர் எழுந்து அவளருகில் வந்தான்.

"எப்ப தெரியும் உனக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். இப்போதுதான், நீ வீசிய பிறகுதான் என்று சொல்லியிருந்தால் அவன் நம்பியிருப்பான்.

"நீ தூக்கறதுக்கு முன்னாடியே."

ஆலஸ்டர் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு திரும்பிக் கம்பத்தை நோக்கி நடந்தான். உதவியாளர்கள் இருவரும் பழக்கத்தில் பூவை நெஞ்சுப்பக்கம் வைத்தே நிறுத்தப் போனார்கள். இத்தனை வருஷத்து வழக்கத்தைத் திருப்ப அவர்கள் கை வரவில்லை. ஆலஸ்டர் அவர்களை விலக்கிவிட்டு, கம்பத்தைக் கட்டிப்பிடித்துக் கால் வட்டம் திருப்பினான். முட்பூ டார்குயிலின் இடது தோளுக்கு நேராக வந்து நின்றது.

இந்தக் கலவரம் முழுக்க டார்குயில் வாயைத் திறக்கவில்லை. அது அவன் வாழ்க்கையில் முதல் தடவையாக இருக்கும். கைக்குப் பிசின் தேய்த்தபடியே ஊனாவை அருகில் வரச்சொன்னான்.

"ஏம்மா ஊனா, நான் புரட்டிட்டேன்னா கோப்பை ஆத்தத் தாண்டிப் போயிடும். நல்லா யோசிச்சியா?"

"போகட்டும், எடுத்துட்டுப் போ. ஆனா நாலு எட்டுதான் வெக்கணும். அஞ்சாவது வெச்சேன்னா அது உன்ன இழுத்துட்டு ஓடிடும்."

"நான் எப்பவும் எட்டு எட்டு வெப்பேனே."

"அதனாலதான் எப்பவும் தோக்கறே."

அவன் சிரித்துவிட்டான். குனிந்து, இரண்டு கைகளையும் கோத்துக் கம்பத்தின் அடிக்குக் கொடுத்தான். ஆலஸ்டர் மறுபக்கம் நின்று கம்பம் தோளில் சாயும் வரைக்கும் தாங்கிக்கொண்டு, பிறகு மெல்லக் கையை எடுத்தான். டார்குயிலின் கழுத்து நரம்பு புடைத்தது. கம்பம் எழுந்தது. உடனே முன்னால் சாயப் பார்த்தது. இதுவரை யாருக்கும் அது அப்படிச் சாய்ந்ததில்லை. ஒன்று. இரண்டு. ஊனா வாய்விட்டு எண்ணினாள். மூன்று. கூட்டமும் கூடவே எண்ணியது. நான்கு என்று இரண்டாயிரம் குரல் ஒன்றாகக் கேட்டபோது டார்குயில் குதிகாலை ஊன்றி வீசினான்.

தலை தரையில் குத்தியது. அடிமுனை எழுந்தது. செங்குத்தாக நிற்கவே இல்லை, நிற்க அதற்கு நேரமில்லை. ஊறிய தண்ணீரின் கனம் முன்னால் இழுக்க, பதினெட்டரை அடிக் கம்பமும் ஒரு முழு வீச்சாகப் புரண்டு அந்தப் பக்கம் போய் விழுந்தது. நிலம் அதிர்ந்தது. எல்ஸ்பெத் அம்மாள் டார்குயிலின் முதுகுக்குப் பின்னால் நின்று, கம்பம் விழுந்த திசையைக் கையை நீட்டி அளந்தார். கடிகார முள்ளைச் சொல்வது போலத்தான் அதைச் சொல்வார்கள்.

"பன்னிரண்டு."

இம்மியும் பிசகாத நேர்கோடு. டன்பெக்காரன் ஜெயித்தான் என்பதே கில்மோரிக்காரர்களுக்கு மறந்துபோயிற்று. தொப்பிகள் பறந்தன. கயிறு கட்டிய கில்ட்டுகள் அவிழ்ந்தன. கமிட்டிக்காரர்கள் ஏழு பேரும் இப்போதுதான் ஒருத்தியைத் தண்டித்தோம் என்ற நினைவே இல்லாமல் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு குதித்தார்கள். வாள் நடனப் போட்டிக்காகக் காத்திருந்த பெண்கள் வாள்களைப் போட்டுவிட்டு மைதானத்துக்குள் ஓடிவந்தார்கள். புரண்டுவிட்டது. அவள் மரம் புரண்டுவிட்டது. இனி எவனும் அதை அறுக்க முடியாது, அவளே நினைத்தாலும் முடியாது.

அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த இரும்பைக் கொண்டுவந்தார்கள். பெயர் சொல்லச் சொல்லி டார்குயிலிடம் மைக்கைக் கொடுத்தான் ஃபின்லே. நாயின் பெயரை வைத்துவிடுவான் இந்தப் படுபாவி என்று ஊனாவுக்கு ஒரே திகில். அவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"இதுக்குப் புதுசா எதுக்குப் பேரு? மூணு வருஷமா ஒண்ணு இருக்கே. ஊனாவின் பிடிவாதம்."

சிரிப்பு எழுந்தது. ஆனால் மதுக்கடையில் எழுகிற சிரிப்பு இல்லை அது. பின்னாலேயே கைதட்டல் வந்தது, வந்தது நிற்கவில்லை. ஊனா தட்டோடு அவனை நோக்கிப் பாய்ந்தாள்.

"மாத்துடா அதை."

"மாத்த முடியாதும்மா. வெச்சா வெச்சதுதான். உங்க ஊரு விதி."

திட்ட வாயெடுத்தவளுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே சிரித்தாள். எது எங்கே முடிகிறது என்று அவளுக்கே தெரியவில்லை. சூடு வைப்பது காவல்காரியின் வேலை, இப்போது காவல்காரி யார் என்று கமிட்டியில் ஒரு சலசலப்பு எழுந்தது. யாராவது ஒருவர் வையுங்கள், இரும்பு ஆறுகிறது என்று நடுவர் அதட்டினார். கடைசியில் டார்குயிலே சுட்டான். எழுத்து கொஞ்சம் கோணல். ஈர மரத்தில் இரும்பு பட்டதும் புஸ்ஸென்று ஆவி வந்தது. எல்லோரும் ஊனாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

அப்போதுதான் நீனியன் ஒரு சந்தேகத்தோடு வந்தார். ரம்பத்தைத் திரும்ப அறைக்குக் கொண்டுபோய் வைக்க வேண்டுமே, அதற்கு எந்தப் பாட்டை வாசிப்பது? கொண்டுவர இழவுப்பாட்டு இருக்கிறது. அறுக்காமல் கொண்டுபோக இந்த ஊரில் பாட்டே கிடையாது, இதுவரைக்கும் வெளியே வந்த ரம்பம் சும்மா திரும்பியதில்லை என்றார்.

"உங்களுக்குப் பிடிச்சத வாசிங்க" என்றாள் ஊனா.

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கல்யாண வீட்டில் ஆடுகிற ஆட்டத்துக்கு வாசிப்பதை எடுத்தார். ஊனா தட்டை ஏந்திப் பின்னால் நடந்தாள். இன்னொரு கை வந்து தட்டின் மறுபக்கத்தைப் பிடித்தது. ஆலஸ்டர். இருவரும் இருபது எட்டு நடந்தார்கள்.

"நாளைக்கு அந்தக் குளத்துல உன்னையும் பத்து நாள் ஊறப்போடப் போறேன்" என்றான் அவன், முன்னால் பார்த்தபடியே.

ஊனா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு நடந்தாள்.

"எந்தப் பக்கம் கீழ இருக்கணும், அத மட்டும் சொல்லிடு."

அவள் நடையை நிறுத்தாமலே தன் தோளால் அவன் கையில் ஓர் இடி இடித்தாள். தட்டு ஆடியது. ரம்பம் நழுவாமல் இருக்க இருவரும் ஒரே நேரத்தில் கையை வைத்துப் பிடித்துக்கொண்டார்கள். அதன் பல்லில் ஒரு துளி மரத்தூள்கூட இல்லை.